ரீலிங் பகுதியில் மூன்று நாள்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பயத்தால் அல்ல. எழுதினால் அதையும் அவர் கத்தரித்து வைத்துக்கொள்வார். தன்னைப் பற்றி யார் எழுதினாலும், திட்டி எழுதினாலும், வெட்டி எடுத்து ஆல்பத்தில் ஒட்டி வைக்கிற மனிதர். ஒட்டிக்கொண்டிருந்தவள் நான்தான். அதற்குத்தான் சம்பளம் என்று நினைக்கும் அளவுக்கு ஒட்டியிருக்கிறேன்.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் அவரிடம் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன். மாடியில் இரண்டு அறை, வாசலில் 'தொழில் ஆலோசகர்' என்று பித்தளைப் பலகை. அது என்ன வேலை என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அம்மா அவரை வக்கீல் என்று நினைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஜோசியர் என்றாள். இரண்டு பேரும் ரொம்பத் தப்பாகச் சொல்லவில்லை என்று போகப் போகத் தெரிந்தது.

அவர் ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் படித்தவர்கள் நிறைந்த குடும்பம். வடக்கே போய்ப் படித்து, பம்பாயில் பெரிய கம்பெனிகளில் இருந்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் திரும்பி வந்தவர். அப்போது எல்லாருக்கும் ஒரு பயம். வெளிநாட்டுக் கம்பெனிகள் வரப் போகின்றன, நம் கடை, நம் ஆலை எல்லாம் போய்விடும் என்று பேப்பர்களில் தினமும் எழுதினார்கள். பயந்தவர்கள் அவரிடம் வந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, சிலருக்கு அவரால் நல்லதும் நடந்தது. உவரியிலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு வியாபாரிக்கு எந்த நேரம் வண்டி கிளம்ப வேண்டும், எந்தச் சந்தையில் முதலில் இறக்க வேண்டும் என்று தாளில் போட்டுக் கொடுத்தார். அந்த மனிதர் அதன்பிறகு கெட்டுப்போன மீனைக் கொட்டவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் எல்லாருக்கும் கேக் அனுப்பினார்.

ஆனால் நல்லது செய்தால் பேப்பரில் பெயர் வராது. அது அவருக்குப் பிடிபட்டிருந்தது. வியாபாரிகள் கூட்டத்தில் போய், "கல்லாவில் சொந்தக்காரனை உட்கார வைப்பதை நிறுத்துங்கள், கடை உருப்படும்" என்று பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சிகளில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். ஆனித் தேரோட்டத்துக்கு ஆலைகளையும் கடைகளையும் மூடுவது சோம்பேறித்தனத்துக்குப் பக்தி வேஷம் போடுவது என்று ஒரு கட்டுரை எழுதினார். சுவரெல்லாம் 'ஆலோசகரே, பம்பாய்க்கே திரும்பிப் போ' என்று போஸ்டர். அவர் காரை நிறுத்தி ஒரு போஸ்டரைப் பதமாக உரித்துக்கொண்டு வந்தார்.

"இதை மடிப்பு விழாம ஒட்டும்மா," என்றார்.

"சார், கல்லெறிஞ்சிருவாங்க."

"எறியட்டும். அதுவும் பேப்பர்ல வரும்."

இப்படிப்பட்டவரை ஒரு நூல் மில் கூப்பிட்டது. எங்கள் பஸ் போகிற வழியில்தான் மில். பெயர் வேண்டாம். ஆட்கள் அதிகம், எத்தனை பேர் போதும் என்று அளந்து சொல்லுங்கள் என்பது வேலை. அளப்பது என்றால் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது. ஒரு ஆள் ஒரு வேலையைச் செய்ய எத்தனை விநாடி, நடுவில் எத்தனை நேரம் சும்மா இருக்கிறான் என்று எழுதுவது.

முதலில் அவரே போனார், நூற்பு மெஷின் ஓடும் பகுதிக்கு. அங்கே எல்லாம் ஆண்கள். மெஷினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்களாம். ஒருவர், "வாட்ச் நல்லாருக்கே சாரே, எங்க வாங்குனீரு? மணி என்னன்னு சொல்லும், நாங்களும் தெரிஞ்சுக்கிடுதோம்," என்றாராம். இன்னொருவர், "பொறும்வே, அவரு கண்ணு கொட்டுத கணக்கை நாம எடுப்போம்," என்றாராம். ஒரு எழுத்தும் எழுதாமல் திரும்பி வந்தார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். ரீலிங் பகுதிக்கு நீ போ என்றார். ரீலிங் என்றால் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கட்டுகிற இடம். முழுக்கப் பெண்கள். "நீ இந்த ஊர்ப் பொண்ணு. உன்னைப் பார்த்தா யாரும் மெஷினை நிறுத்த மாட்டாங்க. எதுக்கு வந்திருக்கேன்னு சொல்லாதே. கேட்டா ஆபீஸ்னு மட்டும் சொல்லு."

போனேன். அட்டையில் தாளைச் சொருகி, வாட்சைக் கைக்குட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். தாளில் மூன்று பத்தி இருந்தது. சிட்டம் முடிக்க ஆன நேரம். அறுந்த நூலை முடிச்சுப் போட ஆன நேரம். சொந்தத் தேவைக்கு விலகிய நேரம்.

அங்கே எனக்குத் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். எங்கள் தெருக்காரி, எட்டாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். ஏழு வருஷமாக அந்த மில்லில் பதிலி. பதிலி என்றால் தினமும் காலையில் கேட்டில் வந்து நிற்க வேண்டும். நிரந்தர ஆள் யாராவது வரவில்லை என்றால் உள்ளே கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ரீலிங்கில் பாதிப் பேர் அப்படித்தான். அவளுக்கு அப்போது ஐந்து மாதக் கைக்குழந்தை. மில்லுக்குள்ளேயே குழந்தைகளைப் போட்டு வைக்கும் ஓர் அறை உண்டு. பால் கொடுக்க இரண்டு முறை விடுவார்கள்.

அந்தப் பெண்கள் வேலை செய்த வேகத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நூல் அறுந்தது தெரிவதற்குள் முடிச்சு விழுந்திருக்கும். யாரும் பேசவில்லை. யாரும் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. டீ வந்தது, தூக்குவாளியில் அப்படியே ஆறிப்போயிற்று. குழந்தை அறையிலிருந்து ஆயா வந்து, "பிள்ளை அழுவுதுட்டி, வா," என்று என் தோழியைக் கூப்பிட்டாள். இவள் திரும்பிப் பார்க்காமல், "பைய வாரேன்," என்றாள். போகவே இல்லை. ரவிக்கை நனைந்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தாள். மூன்று நாளும் இதே கதை. மூன்றாவது பத்தி மூன்று நாளும் காலியாகக் கிடந்தது.

இவர்கள் வேகமே இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவு புத்தி எனக்கு.

மூன்றாம் நாள் ஷிஃப்ட் முடிந்து குழாயடியில் கை கழுவும்போது தோழி பக்கத்தில் வந்தாள்.

"ஏட்டி, எம் பேரு இருக்குல்லா?"

"எதுல?"

"எதுலன்னு கேக்கா பாரு. ஆபீஸ் நாற்காலியில உக்காந்ததும் ரொம்பத்தான் கெட்டி ஆயிட்டா."

இன்னொரு வயதான பெண் அவள் தோளில் இடித்தாள். "சும்மா இரிட்டி. சொல்லக்கூடாதுன்னு சொல்லித்தான அனுப்பியிருப்பாவ. போன தடவை வந்தவரும் வாயைத் தொறக்கல்ல. அப்புறம் கேட்டுல லிஸ்ட் ஒட்டுனாவல்லா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மில்லில் பதிலிகளை நிரந்தரமாக்கும் முன் ஆபீஸிலிருந்து ஓர் ஆள் அட்டையும் தாளுமாக வந்து ஓரமாக நின்று பார்ப்பது வழக்கம். எதற்கென்று சொல்ல மாட்டார். யார் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போவார். சில வாரங்கள் கழித்துப் பட்டியல் வரும். நான் அந்த ஆள் என்று நினைத்துத்தான் மூன்று நாளாகத் தண்ணீர் குடிக்காமல், மூத்திரம் பெய்யப் போகாமல், பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் சுற்றியிருக்கிறார்கள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றாள் தோழி. "தலைய மட்டும் ஆட்டு. இருக்கா?"

நான் தலையை ஆட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று பல வருஷமாகப் பல காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அவர் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்ற பயம். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லத் துணிச்சல் இல்லை. கோழைத்தனம். வேறு நல்ல பெயர் அதற்குக் கிடையாது.

மறுநாள் தாள்களை அவர் மேஜையில் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் தப்பாக நினைத்துக்கொண்டார்கள், இது தினசரி வேகம் இல்லை, ஒரு மாதம் இப்படிச் செய்தால் செத்துப்போவார்கள் என்றேன். அவர் காலியாக இருந்த மூன்றாவது பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா முடியுது இல்லையா?" என்றார். "முடியும்னு அவங்களே காட்டிட்டாங்க. நான் கேட்டது அவ்வளவுதான்."

"சார், அது நெசம் இல்ல."

"வாட்ச் பொய் சொல்லாதும்மா. டைப் பண்ணு."

டைப் செய்தேன். ரீலிங் பகுதிக்கு இப்போது இருப்பதில் பாதிப் பேர் போதும், பதிலிகளை முதலில் நிறுத்தலாம் என்று என் விரல்களால்தான் அடித்தேன். பின்னிணைப்பில் என் தாள்கள். ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்து.

அதன்பிறகு வந்த நாட்கள் இன்னும் மோசம். தினமும் காலையில் மில் நிறுத்தத்தில் அவர்கள் இறங்கும் பஸ்ஸில்தான் நானும் போக வேண்டும். தோழி எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாள்.

"லிஸ்ட் எப்போட்டி?"

"தெரியாதுட்டி."

"தெரியாதாம். சரி, சொல்லாத. ஆடி கழிச்சுத்தான் ஒட்டுவாவ, எனக்குத் தெரியும்."

நான் முந்தின பஸ்ஸுக்கு மாறினேன். அதற்காக ஒரு மணி நேரம் முன்னால் எழுந்தேன். அலுவலகத்தில் போன் அடித்தால் மில்லிலிருந்துதானோ என்று காதைத் தீட்டிக்கொள்வேன். அறிக்கை மில்லுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரியும். அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரியாது. அவளிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். தினமும் சொல்லவில்லை.

பிறகு எப்படியோ அறிக்கையின் நகல் மில் தொழிலாளர் சங்கத்துக்குக் கிடைத்துவிட்டது. மில் வாசலில் கூட்டம், கோஷம். பேப்பரில் பெரிதாக வந்தது. ஆலோசகர் ஒரு நாள் கூட மெஷின் பக்கம் நிற்காமல் பொய்க் கணக்கு எழுதினார் என்று சங்கம் சொன்னது. அவருக்கு இது போதும். நிருபர்களை வரவழைத்து உட்கார வைத்துப் பேசினார். மறுநாள் அதைப் பேப்பரில் படித்தேன். 'அளந்தது நான் அல்ல. இதே தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஒரு பெண் அளந்தாள். அவளைப் பொய்க்காரி என்பார்களா?' என்று சொல்லியிருந்தார். கூப்பிட்டு அதையும் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். வெட்கம் கெட்டவள்.

பெயர் போடவில்லை. ஆனால் மில்லில் யாருக்குப் பெயர் வேண்டும்?

பழைய பஸ்ஸிலேயே ஒரு நாள் ஏற வேண்டி வந்தது. தோழி முன்பக்கம் நின்றாள். என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழாயடியில் இருந்த அந்த வயதான பெண்தான் எனக்குப் பக்கத்தில் வந்து, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினாள்.

"வாரியளா ஆபீஸர் அம்மா. இன்னைக்கு யாரு கொடலை அளக்கப் போறிய? அந்தா நிக்காளே, அவளுக்கு மூணு நாள்ல மார்ல பால் கட்டிக் காய்ச்சல் வந்து கெடந்தா, தெரியுமா? இப்பம் கொழந்தை புட்டிப்பால்தான் குடிக்கி. எழுதிக்கிடுங்க. அட்டை எங்க, கொண்டு வரலியா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் பாதி வழியில் இறங்கி நடந்தேன்.

அந்த வாரம் சங்கச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயது, கதர்ச் சட்டை, அதிர்ந்து பேசாத ஆள். அரசாங்கத் தொழிலாளர் அதிகாரி முன்னால் பேச்சுவார்த்தை வைத்திருக்கிறார்கள், தாளில் கையெழுத்துப் போட்ட உன்னையும் கூப்பிடுவார்கள், அங்கே நடந்ததைச் சொன்னால் அறிக்கை நிற்காது என்றார்.

"சொல்லாட்டா என்ன ஆகும் அண்ணாச்சி?"

"பதிலி அத்தன பேரும் வெளிய. அவ்வளவுதான் தங்கச்சி. நான் மெரட்டல. கேட்டதால சொல்லுதேன்."

அவர் போனதும் அம்மா ஆரம்பித்தாள். "ஒனக்கு எதுக்குட்டி இந்த வம்பு? எழுதச் சொன்னாவ, எழுதுன. ஆமான்னு சொல்லிட்டு வா. வேலை போனா அந்த அண்ணாச்சியா நம்ம அடுப்பை எரிப்பாரு?"

"நான் தலையாட்டிட்டேம்மா."

"ஊருல ஆயிரம் பேரு தலையாட்டுதான். மாடு கூடத்தான் ஆட்டுது."

அம்மாவுக்கு அதன் பாரம் புரியவில்லை. எனக்கு அது ஒன்றுதான் புரிந்தது. அறிக்கை பொய் என்று சொன்னால் மட்டும் போதாது. ஏன் பொய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் நான் ஏமாற்றினேன் என்பதையும் சொல்ல வேண்டும். அறை நிறைய ஆட்களுக்கு முன்னால், தோழியின் முகத்துக்கு நேரே.

பேச்சுவார்த்தை நாளன்று காலையில் சாரே காரில் என்னை அழைத்துப் போனார். ஓட்டிக்கொண்டே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

"தாள் உன்னுதான்னு கேப்பாங்க. ஆமா. கையெழுத்து? ஆமா. நேரம் சரியா? ஆமா. மூணு ஆமா, அதோட உன் வேலை முடிஞ்சுது. மெட்ராஸ்ல ஆபீஸ் திறக்கப் போறேன். அங்க உன்னை மாதிரி ஊர் தெரிஞ்ச ஆள் வேணும்."

நான் பதில் சொல்லவில்லை. அதையும் அவர் ஆமாவாக எடுத்துக்கொண்டார்.

அதிகாரியின் அறை சின்னது. மில் மேனேஜர், சார், செயலாளர், ரீலிங்கிலிருந்து ஐந்து பெண்கள். தோழியும் இருந்தாள். மின்விசிறி ஓடியும் எல்லாருக்கும் வியர்த்தது. அதிகாரி என் தாள்களைப் புரட்டினார்.

தாள் உன்னுடையதா என்றார். ஆமா என்றேன். கையெழுத்து? ஆமா. நேரம் சரியாக எழுதியிருக்கிறாயா?

"நேரம் சரி சார். ஆனா அது அவங்க வேலை செய்யுற வேகம் இல்ல."

சார் தொண்டையைச் செருமினார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். அட்டையோடு வந்து நிற்கும் வழக்கத்தைச் சொன்னேன். அவர்கள் தண்ணீர் குடிக்காததைச் சொன்னேன். மூன்றாவது பத்தி மூன்று நாளும் ஏன் காலியாக இருக்கிறது என்று சொன்னேன். இதை எல்லாம் அறிக்கைக்கு முன்பே சாரிடம் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நிரந்தரம் பண்ணத்தான் வந்திருக்கேன்னு நீ சொன்னியா?"

"சொல்லல்ல."

"அவங்க கேட்டாங்களா?"

"ஒருத்தி கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"தலையாட்டினேன்."

 முதலில் பேசியது சார்தான். ஆங்கிலத்தில் பேசினார், நிதானமாக. தன் உதவியாளர் தொழிலாளர்களைத் தவறாக நம்ப வைத்தது இப்போதுதான் தனக்குத் தெரிகிறது, மிகவும் வருந்துகிறேன், இந்த ஆய்வைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றார். ஒரு நொடியில் என்னைக் கழற்றி எறிந்துவிட்டார். ரீலிங்கில் யாருமே அவ்வளவு வேகமாக முடிச்சு அவிழ்த்து நான் பார்த்ததில்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததால் என்னால் எதிர்த்துக் கத்தவும் முடியவில்லை.

அறிக்கை கைவிடப்பட்டது. ரீலிங்கில் யாரையும் நிறுத்தவில்லை. மறுநாள் பேப்பரில் அவர் தவறை ஒப்புக்கொள்ளும் நேர்மை உள்ளவர் என்று வந்தது. அவர் மெட்ராஸில் ஆபீஸ் திறந்தார். பிறகு இன்னும் பெரிய ஊர்களில், இன்னும் பெரிய சண்டைகள். என்னை வேலையை விட்டு நிறுத்தியதாக ஒரு கடிதம்கூட வரவில்லை. நான் போனபோது என் மேஜையில் இன்னொருத்தி டைப் அடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தேன்.

பாளையில் வேறு வேலை தேடிப் போன இடத்தில் எல்லாம் என்னைத் தெரிந்திருந்தது. முதலாளியைக் காட்டிக் கொடுத்தவள் என்று சிலர். தொழிலாளிகளை ஏமாற்றியவள் என்று சிலர். டீ கூடக் கொடுத்து உட்கார வைத்து, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சொல்லி அனுப்ப மாட்டார்கள். அப்படி ஓர் இடத்திலிருந்து திரும்பும்போதுதான், சாயங்கால பஸ்ஸில் மில் நிறுத்தத்தில் ஷிஃப்ட் முடிந்த பெண்கள் ஏறினார்கள். தோழி என் பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்ததால் வந்து உட்கார்ந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தாள்.

"வேலை இருக்கு," என்றாள் பிறகு, முன்னால் பார்த்துக்கொண்டே.

"கேள்விப்பட்டேன்."

"பதிலிதான்."

"ம்."

"அன்னைக்கு நீ சொல்லாட்டா இதுவும் இல்ல. செயலாளர் அண்ணாச்சி சொன்னாவ, ஒனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு." அவள் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வாயில வரல்லட்டி. முடியல்ல."

"வேண்டாம்," என்றேன்.

"இனிமே எங்க மில்லுப் பக்கம் வராத. அட்டை இல்லாம வந்தாலும் வராத. ஒன்னயக் கண்டா கை தானா வேகமா ஓடுது."

சீவலப்பேரி வந்தது. அவள் முன்வாசல் வழியாக இறங்கினாள். நான் பின்வாசல் வழியாக இறங்கினேன். ஒரே தெருவுக்குத்தான் போக வேண்டும். அவள் நடந்து போய்த் தெருமுனையில் திரும்பி மறையும் வரை நிறுத்தத்திலேயே நின்றேன்.